ஞாயிறு காலை வண்டி வீட்டில் இருக்காது

மகனே,

கல்யாண வேலைகளுக்காக நீ திறந்த வாட்ஸ்அப் குழுவில் நேற்று நீ போட்ட செய்தியை நான் படித்தேன். உன் பெரியம்மா படித்தாள். கோலாலம்பூரில் இருக்கும் பெண் வீட்டார் அத்தனை பேரும் படித்தார்கள். "அம்மாவோட ஃபோர்வீல் காடிய விக்க ஏற்பாடு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஆள் வந்து எடுத்துக்குவாங்க. இனிமே அம்மாவுக்கு ரெஸ்ட்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், கை கூப்பிய படங்கள், ஒரு பூங்கொத்து. அந்த வண்டி யார் பெயரில் இருக்கிறது, யார் உழைப்பில் வாங்கியது, அதன் சாவி யார் கைப்பையில் கிடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நான் விடப் போவதில்லை.

நீ ஊரறியச் சொன்னதால் நானும் ஊரறியவே பதில் சொல்கிறேன். இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, அதே குழுவில் போடப் போகிறேன். பூங்கொத்து அனுப்பியவர்களும் நிதானமாகப் படிக்கட்டும். உன் அப்பா, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சிவப்புப் பேனாவை விடாத மனிதர், பின்னால் வந்து நின்று, "ஒற்றுப் பிழை இருக்கான்னு பாத்துக் கொடுக்கட்டுமா?" என்றார். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், என் பேச்சில் யாரும் கோடு போட வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்க் கோப்பி கலக்கினார். எனக்கும் ஒரு கோப்பை வந்தது. அவர் எந்தக் கட்சி என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சிங்கப்பூரில் வேலை செய்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு குடியிருக்க உலு திராமில் வீடு வாங்கியிருக்கிறாய். செடெனாக்கில் இருக்கும் எங்களையும் அங்கே அழைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாய். அந்த வீட்டு வாசலில் ஒரு காடி நிறுத்தத்தான் இடம், அது உன்னுடையது. எனக்கு வயதாகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது. இதற்கெல்லாம் மேலே போன மாதம் வந்த அந்த வீடியோ. சிகாமட் பக்கத்துக் காட்டுச் சடக்கில், அந்த மண் பாதையில், வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்து, முழங்கை வரை கறுப்பு எண்ணெயும் கன்னத்தில் சேறுமாக நான் நிற்கிறேன். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றி உன் கைப்பேசிக்கு வந்துவிட்டது. "அம்மா, சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?" என்று கேட்டாய். போனில் சொன்னால் குரல் உயரும் என்று பதிலை அப்போது எடுத்து வைத்துக்கொண்டேன்.

இந்த அம்மா சேற்றில் நிற்பது உனக்குப் புதிதா என்ன? நீ பிறப்பதற்கு முன்பிருந்தே பள்ளி வேன் ஓட்டியவள் நான். செடெனாக்கைச் சுற்றியுள்ள தோட்டங்களில், லயத்து வீடுகளின் வாசல் வாசலாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். தார் போட்ட சாலை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான். மற்றதெல்லாம் செம்மண் சடக்கு. வெயிலில் புழுதி, மழையில் சேறு. ஃபோர்வீல் என்ற வார்த்தையே தெரியாமல் சாதாரண வேனை அந்தச் சேற்றில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். நீ முன் இருக்கையில் என் பக்கத்தில்தான் உட்காருவாய். சக்கரம் வழுக்கும்போதெல்லாம் உனக்குக் குஷி. "இன்னொரு தடவம்மா" என்று கேட்பாய்.

உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, ஒரு நாள் ரேடியேட்டர் குழாய் வெடித்து வேன் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே நின்றுவிட்டது. நான் பதறவில்லை. ஏனென்றால் என்னிடம் புதுக் குழாய் இருந்தது. கடையிலிருந்து வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தேன். பெருமையாக எடுத்துப் போட்டுப் பார்த்தால் வளைவு வேறு பக்கம். நம் வேனுக்கு ஒட்டவே ஒட்டாது. முந்தின முறை மாற்றும்போது கழற்றி வைத்திருந்த பழைய குழாய் இன்னும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் புதுசு வந்துவிட்டதே என்று அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தேன். கடைசியில் செம்பனைக் குலை ஏற்றி வந்த டிராக்டரை மறித்து, அத்தனை பிள்ளைகளையும் குலைகளுக்கு மேலே ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. பள்ளி வாசலில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்ற உன் அப்பா எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. நீயோ குலைகளுக்கு உச்சியில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கையசைத்தாய். அன்றைக்கு உனக்கு அம்மாவைப் பற்றி வெட்கமில்லை. எங்கே, எப்போது அந்த வெட்கம் வந்து ஒட்டிக்கொண்டது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். புதுச் சாமான் வாங்கினால் அதை உடனே வண்டியில் மாட்டிவிட வேண்டும். கழற்றிய பழையது ஓடுகிற நிலையில் இருந்தால் அதைத்தான் ஸ்பேராக எடுத்து வைக்க வேண்டும். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள்: பழையது தேயும் வரை ஓட்டுவது, புதியதைப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவது. பழையது இந்த வண்டியில் ஓடிக் காட்டியது. அது பொருந்தும் என்று கை அறியும். பெட்டியில் இருக்கும் புதியது பொருந்துமா என்பது கடைக்காரர் சொன்ன வாக்கு மட்டும்தான். போட்டுப் பார்க்காத ஸ்பேர் ஸ்பேரே இல்லை, தம்பி. அது வெறும் ஆறுதல்.

வேன் ஓட்டுவதை நிறுத்தியபோது நீங்களெல்லாம் நான் கோவிலும் சீரியலுமாக உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். நான் இந்தப் பழைய டீசல் ஃபோர்வீலை வாங்கினேன். உன் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன செய்யப் போற?" என்றார். "ஓட்டப் போறேன்" என்றேன். "எங்க?" என்றார். "சடக்கு இல்லாத எடத்துல" என்றேன். அவருக்குச் சேறு ஆகாது, பாவம், செருப்பில் ஒரு துளி பட்டாலும் குழாயடிக்குப் போய்விடுவார். அதனால் அவர் வீட்டில் இருப்பார், நான் போவேன். சிகாமட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சலீம் பாய் நடத்தும், ஃபோர்வீலில் காட்டுக்குள் போய்வரும் குழுவோடு போவேன். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம் ஆட்கள் எல்லோரும் கலந்துதான் போவோம். பெண் பிள்ளை என்று நான் ஒருத்திதான் ஓட்டுகிறேன். மற்ற பெண்கள் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துத் தங்கள் புருஷன்மாரைக் கிள்ளுவார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கு அரிசி கொண்டுபோகப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தால் இந்தக் குழுவில் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். சிகாமட்டில் ஆறு பெருகிய வருஷம் அதையும் செய்தோம், ஆனால் அதைக் காட்டி உங்களிடம் அனுமதி வாங்க நான் தயாரில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன். ஏற்றத்தில் வண்டி மூக்கைத் தூக்கும்போது முன்னால் வானம் மட்டும் தெரியும், பாதை தெரியாது. அந்த நேரத்தில் எனக்கு வரும் சந்தோஷத்துக்கு நான் யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளை நேரத்துக்கு இறக்கிவிட்டவள், தனக்காக எங்கேயும் போகாமல் சும்மா ஓட்டக் கூடாதா?

பொறுப்பில்லாமல் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. கிளம்புவதற்கு முந்தின நாள் நான் செய்வதை உன் அப்பாவிடம் கேள். எண்ணெய், தண்ணீர், பேட்டரி முனை எல்லாம் பார்ப்பேன். ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். செம்பனை மட்டை முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. இழுக்கும் கயிறு, ஜேக், சேற்றில் ஜேக் அமிழாமலிருக்க அடியில் வைக்கப் பலகை, ஃபியூஸ், குழாயை இறுக்கும் வளையம், குடிக்கவும் ரேடியேட்டருக்கும் தனித்தனித் தண்ணீர். எந்த வழியாகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டும் நிறைய வேண்டாம் என்பேன். சிலர் பாதிக் கடையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பாரத்தாலேயே முதல் பள்ளத்தில் சிக்குவார்கள். எது உடைந்தால் வண்டி நகராதோ, எதை உன் கையால் மாட்ட முடியுமோ, அதை மட்டும் எடு. மாட்டத் தெரியாத சாமானை மூட்டை கட்டிப் போவது பயத்தைச் சுமப்பது. புதுக் குடும்பம் நடத்தப் போகிறவனுக்கும் இது உதவும், குறித்துக்கொள்.

இப்போது நீல நிறப் பெட்டிக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு நீ கொடுத்தது. சிங்கப்பூரிலிருந்து தருவித்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒவ்வொரு சாமானும் அதனதன் குழியில் உட்கார்ந்திருந்தது. விசிறி பெல்ட், ஃபில்டர், குழாய்கள், பல்புகள். "அம்மா, இனிமே கவலையே வேணாம், எல்லாம் ஒரிஜினல்" என்றாய். நான் அழாத குறை. அந்தப் பெட்டியை வண்டியின் பின்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். சலீம் பாயிடம், குழுவில் வரும் சீனத்து அங்கிளிடம், பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய் போட்டவரிடம்கூட, "என் மகன் வாங்கிக் கொடுத்தது" என்று சொன்னேன். என் சட்டப்படி அந்த பெல்ட்டை அன்றே பிரித்து மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிரிக்கவில்லை. மகன் கொடுத்ததில் கை வைத்து அழுக்காக்க மனம் வரவில்லை. எல்லாத் தாய்மாரும் செய்கிற முட்டாள்தனம் அது.

போன மாதம் நடந்தது இதுதான். சிகாமட்டுக்கு அப்பால், பழைய தோட்டத்தைத் தாண்டி ஓர் ஓடை வரைக்கும் போய்க்கொண்டிருந்தோம். முதல் நாள் மழை. சடக்கில் கிடந்த செம்பனை மட்டை ஒன்று சக்கரத்தில் பட்டுத் தெறித்து எஞ்சினுக்குள் புகுந்தது. படார் என்று ஒரு சத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. அப்படியே நிறுத்தி, எஞ்சினை அணைத்து, இறங்கி மூடியைத் திறந்தால் விசிறி பெல்ட் அறுந்து தொங்குகிறது. பெல்ட் இல்லாமல் போனால் எஞ்சின் வெந்துவிடும். வானத்தில் அடுத்த மழை கறுத்துக்கொண்டு நின்றது. எங்களுக்குப் பின்னால் இருந்த பள்ளம் நிறைந்தால் எல்லா வண்டிக்கும் திரும்பும் வழி அடைபடும்.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, உன் நீலப் பெட்டியைத் திறந்தேன். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். உறையைக் கிழித்து, பெல்ட்டை எடுத்து, ஆல்டர்னேட்டரின் நட்டைத் தளர்த்தி உள்ளே தள்ளி, மாட்டப் பார்த்தேன். ஏறவில்லை. இன்னும் தள்ளினேன். ஒரு விரல் அளவு குட்டை. சலீம் பாய் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"அக்கா, இது ஏறாது. இந்த எஞ்சினுக்குள்ளது இல்ல இது."

"தெரியுது பாய்."

"யாரு வாங்குனா?"

"கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான்" என்றேன். உன்னை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. அலமாக், அதற்குள் யாரோ வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைக்காரர் மேல் தப்பில்லை, தம்பி. உன் மேலும் பெரிய தப்பில்லை. நீ வண்டியின் பின்னால் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்கினாய். நம் ஊர்ப் பழைய வண்டிகள் பலவற்றில் செய்வதைப் போல இந்த வண்டிக்கும் நான் வாங்குவதற்கு முன்பே எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள். வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "அம்மா, உள்ள என்ன எஞ்சின்?" அவ்வளவுதான் கேள்வி. நீ கேட்கவில்லை. எனக்கு எது வேண்டும் என்பதை நீயே முடிவு செய்து, ஆசையாக, உயர்ந்த விலையில் வாங்கி வந்தாய். இப்போது விற்க ஆள் பிடித்ததும் அதே மாதிரிதான்.

வீடியோவில் இல்லாத மிச்சத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோ அங்கேயே முடிந்துவிட்டது. நான் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். உன் அப்பாவின் பழைய கைலித் துணியில் சுற்றி வைத்த பெல்ட் ஒன்று அங்கே இருந்தது. போன வருஷம் புதுசு மாட்டியபோது கழற்றியது. அதைக் கையில் கொண்டுபோய்க் கடையில் அளவு பார்த்துத்தான் புதுசு வாங்கினேன். ஓரத்தில் கொஞ்சம் பளபளப்பு, வேறு குறையில்லை. பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குள் போகிற மாதிரி ஏறி உட்கார்ந்தது. இரும்புக் கம்பியால் நெம்பி இறுக்கினேன், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், எஞ்சினைப் போட்டேன். சூட்டு முள் தன் இடத்துக்குத் திரும்பியது. "போலாம் பாய்" என்றேன். மழை பிடிப்பதற்குள் எல்லா வண்டியும் பள்ளத்தைத் தாண்டிவிட்டன. வீட்டுக்கு வந்து குளித்து, உன் அப்பா வைத்த ரசத்தில் பிசைந்து சாப்பிட்டேன்.

நீ பார்த்தது வழியில் மாட்டிக்கொண்ட கிழவியை. அங்கே நின்றவர்கள் பார்த்தது வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்த பெண்ணை. இரண்டும் ஒரே ஆள்தான்.

சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாயே, அதையும் முடித்துவிடுகிறேன். சம்பந்தியம்மா எனக்குப் போன் செய்தார். உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. "பயமா இல்லைங்களா?" என்று கேட்டார். "இருந்துச்சுங்க" என்றேன். "அப்புறம் ஏன் போறீங்க?" என்றார். "பயந்ததுனாலதான் சீட்டுக்கு அடியில ஒண்ணு வச்சிருந்தேன்" என்றேன். உடனே அவர், "அந்த மாதிரிக் காடியில பின்னால எத்தன பேரு உக்காரலாம்?" என்றார். என்ன நினைத்தார் என்று நீயே அவரிடம் கேட்டுக்கொள்.

நீ போனை வைக்கும் முன்பு ஒன்று சொன்னாய். "எதுக்கும்மா இந்த ரிஸ்க்கெல்லாம்? அவசரம்னா நான் இருக்கேன்லா." அந்த ஒரு வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கோபம் பாதி, துக்கம் பாதி. நீ இருக்கிறாய், இல்லையென்று யார் சொன்னது? சிங்கப்பூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜாமைத் தாண்டி, மீட்டிங்குக்கும் மீட்டிங்குக்கும் நடுவே இருக்கிறாய். மாதம் ஒரு முறை வந்து பசியாறிவிட்டுப் போகிறாய். என் வண்டியில் என்ன எஞ்சின் என்று உனக்குத் தெரியாது. எனக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்றாவது தெரியுமா? நீல நிறப் பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்த பெல்ட் மாதிரி, உறை பிரிக்காமல் இருக்கிறாய். பொருந்துவாயா என்று போட்டுப் பார்க்க நீ எனக்குச் சந்தர்ப்பமே கொடுக்கவில்லை. எழுதிவிட்டு இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்க மாட்டேன். உண்மை அது, எனக்கு வலிக்கிறது.

ஆனால் நீ கெட்டவன் இல்லை. பயப்படுகிறாய். அம்மா எங்கேயாவது காட்டில் கிடந்து, போன் வேலை செய்யாமல், நீ வருவதற்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய். அந்தப் பயத்தை விற்க வழியில்லாததால் வண்டியை விற்கப் பார்க்கிறாய். வண்டி போனால் எனக்கு வயது குறையுமா? உலு திராம் வீட்டு மாடியறையில், சன்னலுக்குக் கீழே நிற்கும் உன் காடியைப் பார்த்துக்கொண்டு நான் பத்திரமாக உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறாய். அங்கே நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன், எனக்குத் தெரியும். ஓடுகிற வரைக்கும்தான் எஞ்சின் நல்ல எஞ்சின். மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டுப் பார், பேட்டரி முதற்கொண்டு எல்லாம் செத்துவிடும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு நான் தரும் புத்திமதி அது ஒன்றுதான், மற்றதெல்லாம் உன் அப்பா மேடையில் பேசிக்கொள்வார். காட்டுக்குள் வரிசையாகப் போகும்போது முன்னால் போகிற வண்டிதான் பின்னால் வருகிற வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் பின்வண்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். நின்றுதான் பார்க்க வேண்டும். "நீ இனி வர வேண்டாம், வண்டியை விற்றுவிடு" என்று போனில் சொல்லிவிட்டு அடுத்த மேட்டுக்கு ஏறிவிடக் கூடாது. உன் மனைவியிடமும் இப்படியே இரு. அவளுக்கு எது நல்லது என்று நீயே தீர்மானித்துப் பெட்டி கட்டிக் கொடுக்காதே. உள்ளே என்ன ஓடுகிறது என்று கேள். ஒவ்வொரு தடவையும் கேள், ஏனென்றால் எஞ்சின் நடுவில் மாறியிருக்கலாம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை விஷயம். பதினோரு மணிக்கு வருகிறவரிடம் நீயே போன் செய்து சொல்லிவிடு. வந்து அலைய வேண்டாம், நல்ல மனிதராக இருப்பார். அன்று காலை ஆறு மணிக்கு நான் இங்கிருந்து கிளம்பி, சிகாமட்டில் சலீம் பாய் குழுவோடு சேர்ந்துகொள்கிறேன், அதே ஓடைக்கு. போன முறை பாதி வழியில் திரும்பிவிட்டோம், இந்த முறை போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். வண்டி வீட்டில் இருக்காது. நானும் இருக்க மாட்டேன். உன் அப்பா இருப்பார், வாசலுக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி கொடுப்பார். உலு திராம் வீட்டுக்கு எங்களைக் கூப்பிடுகிறாயே, வருகிறோம், விருந்தாளிகளாக வருகிறோம். வாசலில் இடமில்லை என்றால் தெருவில் நிறுத்துகிறேன். சேற்றோடுதான் நிறுத்துவேன்.

விற்பதற்காக நீ வண்டியின் சாவியையும் என்னிடம் கேட்டிருந்தாய். கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பினாள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். கூலாயில் சாவிக் கடையில் சொல்லி, உனக்கென்று இன்னொன்று வெட்டி வாங்கியிருக்கிறேன். உன்னுடைய நீலப் பெட்டியில் அந்த பெல்ட் இருந்த குழி இப்போது காலியாகத்தான் கிடக்கிறது, அதில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் எனக்குக் கண் மங்கும், கால் மிதிக்காது. அன்றைக்கு யாரும் சொல்லாமலே நான் இறங்கிவிடுவேன், அப்போது வண்டியை நீ எடுத்துக்கொள். அதுவரைக்கும் அசல் என் கைப்பையில்தான் இருக்கும். உன்னுடையது ஸ்பேர்.

ஆனால் அந்தச் சாவியை இன்னும் யாரும் போட்டுத் திருகிப் பார்க்கவில்லை. என் சட்டம் உனக்குத் தெரியும். சனிக்கிழமையே பாலத்தைத் தாண்டி வந்து படுத்துக்கொள். காலை ஆறு மணிக்கு நீயே போட்டுப் பார். எஞ்சின் பிடித்தால் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன், முன்பு நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மாதிரி. சக்கரம் வழுக்கினால், "இன்னொரு தடவ" என்று நான் கேட்பேன்.

ஆறு மணிக்கு நீ வரவில்லை என்றால் நான் அசல் சாவியைப் போட்டுக் கிளம்பிவிடுவேன்.

உன் அம்மா